சிறிய காரியம் யாருக்குச் சிறியது?

ஆயுத பூஜை அன்று பட்டறையிலும் அலுவலகத்திலும் பொரியும் சுண்டலும் எல்லோர் கைக்கும் வரும். அங்கே வேலை பார்க்கும் கிறிஸ்தவர்களில் ஒருவர் வாங்கிய கையோடு சாப்பிடுவார். இன்னொருவர் மறுக்க மனமில்லாமல் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, பிறகு யாருக்காவது கொடுத்துவிடுவார். மூன்றாமவர் கைகூப்பி, "வேண்டாங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்பார். மூவரும் ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்களாக இருக்கலாம். தென் மாவட்டங்களில் கோயில் கொடைக்கு வெட்டிய கிடாயின் கறி அண்டை வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும்போதும் இதே மூன்று பதில்கள்தான். சாப்பிட்டவர் மறுத்தவரை விவரம் தெரியாதவர் என்றும், மறுத்தவர் சாப்பிட்டவரை விசுவாசம் கெட்டவர் என்றும் எடைபோடும்போது கறியும் பொரியும் பின்னுக்குப் போய்விடுகின்றன. இரண்டு விசுவாசிகளுக்கு நடுவில் ஒரு சுவர் எழும்புகிறது.

இந்தக் கேள்வி கிறிஸ்தவ சமயத்தின் வயதுடையது. கி.பி. 50களில் கொரிந்து பட்டணத்துச் சபை இதையே பவுலிடம் எழுதிக் கேட்டது. அந்த நகரில் கோயிலை ஒட்டியே விருந்து மண்டபங்கள் இருந்தன. அஸ்கிலேப்பியோஸ் கோயிலை ஒட்டிய உணவறைகளை அகழாய்வாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பலியிட்ட விலங்கின் கறி அங்கே பரிமாறப்பட்டது, மீதி கடைத்தெருவுக்கும் வந்தது. விக்கிரகம் என்று ஒன்று உண்மையில் இல்லை, ஆகவே கறி வெறும் கறிதான் என்றனர் ஒரு சாரார். நேற்றுவரை அந்தக் கோயிலில் வணங்கியவர்களுக்கு அப்படி நினைக்க முடியவில்லை. பவுலின் பதில் இரண்டு பக்கத்தையும் ஆச்சரியப்படுத்தியிருக்கும். கொள்கையில் அவர் முதல் சாராரோடு நின்றார். நடைமுறையில் இரண்டாம் சாராருக்காக, தன் சகோதரனுக்கு இடறலாக இருக்குமானால் தான் இனி கறியே தொடுவதில்லை என்கிற அளவுக்குப் போனார். ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் டைசன் இதில் இன்னொரு அடுக்கையும் காட்டினார். அடிக்கடி கறி சாப்பிட வசதியும் விருந்துக்கு அழைப்பும் உள்ளவர்கள் பணக்காரர்கள். ஏழைக்குக் கறி என்பதே பெரும்பாலும் கோயில் திருவிழாவில் கிடைப்பது. அதனால் கறியையும் கோயிலையும் பிரித்துப் பார்ப்பது அவனுக்கு எளிதாக இல்லை. 'பலமுள்ளவர்', 'பலவீனர்' என்ற பிரிவுக்குள் வசதியும் வறுமையும் ஒளிந்திருந்தன என்பது டைசனின் வாதம்.

ரோமாபுரியில் நிலைமை வேறு. கிலவுதியு பேரரசன் ஏறத்தாழ கி.பி. 49இல் யூதர்களை நகரைவிட்டு வெளியேற்றினான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்படி வெளியேறிக் கொரிந்துக்கு வந்தவர்கள். அவர்கள் இல்லாத சில ஆண்டுகளில் ரோமச் சபைகள் யூதரல்லாதவர்களின் கைக்கு வந்திருக்க வேண்டும். பிறகு திரும்பி வந்த யூதக் கிறிஸ்தவர்கள் தாங்கள் தொடங்கிய வீட்டிலேயே விருந்தாளியாகிவிட்டார்கள் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கறி தவிர்த்துக் காய்கறி மட்டும் உண்பதும், சில நாட்களை விசேஷமாக ஆசரிப்பதும் அங்கே கேலிக்கு உள்ளாயின. ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரம் அந்தச் சூழலுக்கு எழுதப்பட்டது. உண்பவன் உண்ணாதவனை அற்பமாக எண்ணக் கூடாது, உண்ணாதவன் உண்பவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது, அவனவன் தன் மனதில் நிச்சயத்தோடு நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏளனமும் தீர்ப்பும் இரண்டு வேறு குற்றங்கள். பவுல் இரண்டையும் சமமாகக் கண்டிக்கிறார். விட்டுக்கொடுக்கும் பாரத்தை மட்டும் பலமுள்ளவரின் தோளில் வைக்கிறார்.

இதே பவுல் எல்லா இடத்திலும் விட்டுக்கொடுத்தவர் அல்ல. தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தவர், தீத்துவுக்கு அதைச் செய்ய ஒரு நாழிகையும் இணங்கவில்லை. தீமோத்தேயுவின் காரியத்தில் அது யூதர் நடுவே ஊழியம் செய்ய அவராகச் செய்த இணக்கம். தீத்துவின் காரியத்தில் அதை இரட்சிப்புக்கு நிபந்தனையாக்கி ஒரு கூட்டம் நெருக்கியது. அந்தியோகியாவில் பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் யூதரல்லாத விசுவாசிகளோடு உண்பதை நிறுத்தினார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்து நின்றார். என்ன உண்பது என்பதில் விட்டுக்கொடுத்த மனிதர், யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதில் அணுவளவும் அசையவில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் சபைகள் தடுமாறியதெல்லாம் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டதால்தான்.

இரண்டாம் நூற்றாண்டில் சச்சரவு பண்டிகை நாளைப் பற்றி எழுந்தது. சின்ன ஆசியாவின் சபைகள் யூதரின் நிசான் மாதம் 14ஆம் நாளில் பஸ்காவை ஆசரித்தன, அது எந்தக் கிழமையில் விழுந்தாலும் சரி. ரோமிலும் வேறு பல இடங்களிலும் அது ஞாயிறுதான். ஏறத்தாழ 155இல் சிமிர்னாவின் முதிய பேராயர் பொலிகார்ப்பு ரோமுக்கு வந்து அனிசேத்துஸ் பேராயரைச் சந்தித்தார். தான் யோவானோடு பழகிக் கற்ற வழக்கத்தை விட முடியாது என்றார் பொலிகார்ப்பு. தனக்கு முன்னிருந்த மூப்பர்களின் வழக்கத்தை விட முடியாது என்றார் அனிசேத்துஸ். ஒருவரை ஒருவர் மாற்ற முடியவில்லை. ஆனாலும் அனிசேத்துஸ் தன் சபையில் நற்கருணை நடத்தும் மரியாதையைப் பொலிகார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார். இருவரும் சமாதானத்தோடு பிரிந்தார்கள்.

ஒரு தலைமுறைக்குப் பின் ரோமப் பேராயர் விக்டருக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. ஏறத்தாழ 190இல் ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்து துண்டிக்க முற்பட்டார். எபேசுவின் பொலிகிராத்தேஸ் அஞ்சாமல் பதில் எழுதினார். விக்டரைக் கடிந்துகொண்டவர்களில் லியோனின் இரேனியு முக்கியமானவர். இவர் கதையில் கவனிக்க வேண்டியது, அவர் ஞாயிறு வழக்கத்தைச் சேர்ந்தவர் என்பது. சிறுவனாகப் பொலிகார்ப்பின் போதனையைக் கேட்டவர், ஆனால் நாள் கணக்கில் ரோமோடு நின்றவர். தன் பக்கம் வெல்வதற்காக எதிர்ப் பக்கம் வெளியேற்றப்படுவதை அவர் ஏற்கவில்லை. பொலிகார்ப்பும் அனிசேத்துஸும் சந்தித்த செய்தி நமக்குக் கிடைத்திருப்பதே விக்டருக்கு அவர் எழுதிய கடிதத்தால்தான். யூசேபியு அதைத் தன் வரலாற்றில் பாதுகாத்து வைத்தார்.

நான்காம் நூற்றாண்டில் அகஸ்டினின் தாய் மோனிக்கா மிலான் வந்தபோது, அங்கே சனிக்கிழமை உபவாசம் இல்லாதது கண்டு கலங்கினார். தான் ரோமில் இருந்தால் சனிக்கிழமை உபவாசிப்பதாகவும் மிலானில் இருந்தால் உபவாசிப்பதில்லை என்றும், போகிற ஊரின் சபை வழக்கத்தைக் கைக்கொள்வதே நல்லது என்றும் பேராயர் அம்புரோஸ் ஆலோசனை சொன்னார். அகஸ்டின் இதைப் பின்னாளில் ஒரு கடிதத்தில் நினைவுகூர்ந்தார். அடிப்படையில் ஒன்றுபடவும், மற்றவற்றில் சுதந்திரம் தரவும், எதிலும் அன்பு குறையாதிருக்கவும் சொல்லும் புகழ்பெற்ற வாசகத்தைப் பலர் அவர் பெயரில் ஏற்றிச் சொல்வதுண்டு. உண்மையில் அது 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1620களில் ரூப்பெர்த்துஸ் மெல்தேனியுஸ் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு லுத்தரன் இறையியலாளரின் துண்டு நூல் அதைப் பரவச் செய்தது. வாசகம் நல்லதுதான். அடிப்படை எது, மற்றது எது என்று பட்டியல் போடும் அதிகாரம் யாருக்கு என்பதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

சீர்திருத்தக் காலம் முழுவதும் அந்த அதிகாரத்துக்கான போராட்டமாகவே நடந்தது. இங்கிலாந்தில் 1550இல் குளோஸ்டரின் பேராயராகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஜான் ஹூப்பர், பேராயருக்குரிய அங்கியை அணிய மறுத்தார். வேதத்தில் இல்லாத, பழைய பலிபூசையை நினைவூட்டுகிற உடை என்பது அவர் வாதம். லண்டன் பேராயர் நிக்கோலஸ் ரிட்லி, உடை ஓர் அற்பக் காரியம், அற்பமானதாலேயே அரசு சொன்னால் அணிந்துவிட வேண்டும் என்றார். சிறிய காரியமென்றால் கட்டாயப்படுத்தாதே என்று ஒருவரும், சிறிய காரியம், ஆகவே கீழ்ப்படி என்று மற்றவரும் ஒரே காரணத்திலிருந்து எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள். 1551 ஜனவரியில் ஹூப்பர் ஃபிளீட் சிறைக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களில் இணங்கி, மார்ச் மாதம் அந்த அங்கியோடே அபிஷேகம் பெற்றார். பிறகு கத்தோலிக்கரான மேரி அரசி பட்டத்துக்கு வந்ததும் இருவருமே சிறையில் கிடந்தார்கள். அங்கிருந்து ரிட்லி ஹூப்பருக்குச் சமாதானக் கடிதம் எழுதினார். 1555 பிப்ரவரியில் ஹூப்பர் குளோஸ்டரிலும், அக்டோபரில் ரிட்லி ஆக்ஸ்ஃபோர்டிலும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள்.

அதே காலத்தில் ஜெர்மனியில் பழைய சடங்குகளைத் திரும்பக் கேட்ட 1548இன் இடைக்கால உடன்படிக்கை லுத்தரன்களை இரண்டாக்கியது. வெளிச் சடங்குகள்தானே, சபை பிழைக்கட்டும் என்றார் மெலாங்க்தன். வாள்முனையில் கேட்கப்படும்போது எந்தச் சடங்கும் அற்பமாக இருக்க முடியாது என்று எதிர்த்தார் ஃபிளேசியுஸ். 1577இல் லுத்தரன்களின் இசைவு அறிக்கை ஃபிளேசியுஸின் பக்கம் சாய்ந்தது. தீத்துவின் காரியத்தில் பவுல் எடுத்த நிலையும் இதுதான்.

கட்டாயத்தின் கொடுமையை ரஷ்யாவைவிடத் துலக்கமாக எந்த நாடும் காட்டவில்லை. 1653இல் மறைமுதுவர் நிக்கோன், சிலுவை அடையாளத்தை இரண்டு விரலால் போடுவதை விட்டு, கிரேக்கர்களைப்போல மூன்று விரலால் போட வேண்டும் என்று கட்டளையிட்டார். அல்லேலூயாவை இரண்டு தரமா மூன்று தரமா சொல்வது என்பதும் சேர்ந்துகொண்டது. 1666-67இன் சங்கம் பழைய வழக்கத்தைக் கைக்கொண்டவர்களைச் சபித்து ஒதுக்கியது. வெண்கடல் நடுவே சொலவெத்ஸ்கி மடத்தின் துறவிகள் 1668 முதல் 1676 வரை சார் மன்னனின் படையை எதிர்த்து நின்று அழிந்தார்கள். பழைய மரபினரின் தலைவர் அவ்வாக்கும் 1682இல் எரிக்கப்பட்டார். பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று தங்களையே தீயில் மாய்த்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. இரண்டு விரல் வழக்கம் ரஷ்யர்கள் கெடுத்துக்கொண்டது அல்ல, முற்காலத்தில் கிரேக்கர்களிடமிருந்தே வந்தது என்று பின்னாளில் ரஷ்ய வரலாற்றாசிரியர்களே எழுதினார்கள். மாஸ்கோ திருச்சபை அந்தச் சாபங்களை நீக்கியது 1971இல்.

இந்த வரலாறெல்லாம் படித்தவர்கள், சிறிய காரியங்களில் விட்டுக்கொடுப்பதே கிறிஸ்தவப் பண்பு என்று எளிதாக முடித்துவிடலாம். தஞ்சாவூர் அப்படி முடிக்க விடாது.

1820களின் இறுதியில் தஞ்சைச் சபையின் பெரும் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், புதிதாக வந்த மிஷனரிகளுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். அவர் முறையீடுகள் முக்கியமாக நான்கு. பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். விசேஷ நாட்களில் பூ வைப்பதைத் தடுக்கிறார்கள். ஆலயத்தில் தமிழ் இசையை ஒடுக்குகிறார்கள். சாதி பாராமல் எல்லோரையும் திருவிருந்தில் கலக்கிறார்கள். முதல் மூன்றிலும் மனம் சாஸ்திரியார் பக்கமே போகிறது. ஒரு சமுதாயம் நாவில் பழகிய வேத வசனத்தையும், பூவையும், பாட்டையும் வெளியிலிருந்து வந்தவர்கள் கலைப்பது மனச்சாட்சியின் மேல் ஏறி நடப்பதுதான். மேல்நாட்டுப் பழக்கத்தைச் சுவிசேஷத்தோடு சேர்த்துக் கட்டித் தந்த மிஷனரிகளின் தவறு அது. நான்காவது முறையீடு அந்தப் பட்டியலில் வந்திருக்கவே கூடாது.

ஆனால் சாஸ்திரியாரைப்போன்ற வேளாளக் கிறிஸ்தவர்களின் பார்வையில் நான்கும் ஒரே வகை. சாதி ஆசாரம் என்பது குடிமைப் பழக்கம், உடை போல, உணவு போல, விசுவாசத்தைத் தொடாத வெளிக் காரியம் என்பது அவர்கள் வாதம். தரங்கம்பாடி மிஷனில் இந்த வாதத்தின் விளைவு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. திறமையான உபதேசியார் ராஜநாயக்கன் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்ததால் குருப்பட்டம் பெற முடியவில்லை. 1741இல் பட்டம் வேறொருவருக்குப் போனது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைக்குள் தாமதமின்றி முழுமையாக ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். பின்னர் அவர்களில் ஒரு பகுதியினர் லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைகளில் சேர்ந்தார்கள். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியாவில் தங்கித் தமிழை ஆழ்ந்து கற்றவர். சாதி மெல்ல உதிரட்டும், சட்டம் போட்டு அறுக்க வேண்டாம் என்பது அவர் கருத்து.

கிரவுலின் பொறுமை நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆனால் அந்தப் பொறுமையின் விலையைக் கொடுத்தவர்கள் வேளாளர்கள் அல்ல. ஆலயத்தில் தனிப் பாயில் உட்கார வைக்கப்பட்டவர்களும், திருவிருந்துக்குக் கடைசியில் வரச் சொல்லப்பட்டவர்களும் கொடுத்தார்கள். இடறல் அடைகிறவனுக்காகப் பலமுள்ளவன் தன் உரிமையை விட வேண்டும் என்பது பவுலின் வழி. தஞ்சையில் பலமுள்ளவன் தன் உரிமையைக் காக்கத் தன்னையே இடறல் அடைகிறவனாகக் காட்டிக்கொண்டான். அந்தியோகியாவில் பேதுரு எழுந்துபோன பந்தி இங்கே ஒவ்வொரு ஞாயிறும் நடந்தது. இன்றைக்கும் சில ஊர்களில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருப்பதைக் 'காலங்காலமான பழக்கம்' என்று சமாதானம் சொல்கிறவர்கள் அந்தப் பழைய வாதத்தைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

அதே தரங்கம்பாடியில் 1919 மே மாதம் 33 பேர் கூடினார்கள், பெரும்பாலும் இந்திய ஊழியர்கள். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வே. ச. அசரியா. மேல்நாட்டில் மேல்நாட்டார் சண்டையால் உண்டான பிரிவுகளை இந்தியர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே வலுவாக எழுந்தது. அதன் பிறகு 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை. தடை எங்கே என்றால், பேராயர் கை வைத்து அபிஷேகம் பெறாத ஊழியர் நற்கருணை கொடுக்கலாமா என்பதில். ஆங்கிலிக்கன்களுக்கு அது உயிர்நாடி. காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபையாருக்கோ, இத்தனை காலம் தங்களுக்குத் திருவிருந்து கொடுத்த ஆயர் மறுபடி அபிஷேகம் பெற வேண்டும் என்றாலே அவமானம். வழிபாட்டில் ஒருவர் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், மற்றவர் மனதிலிருந்து ஜெபிப்பார். திருவிருந்தை ஒருவர் பீடத்தண்டை முழங்காலிட்டு வாங்குவார், மற்றவர் இருந்த இடத்திலேயே வாங்குவார்.

கடைசியில் கண்ட வழி, மனச்சாட்சியைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைப்பது. யாரையும் மறுபடி அபிஷேகம் செய்வதில்லை. இனி அபிஷேகம் பெறுகிறவர்கள் பேராயர் கையால் பெறுவார்கள். முப்பது ஆண்டுகளில் இரண்டு வகை ஊழியமும் இயல்பாக ஒன்றாகும். அதுவரை எந்தச் சபையின் மேலும் அதற்குப் பழக்கமில்லாத, மனச்சாட்சி ஒப்பாத வழிபாட்டு முறையையோ ஊழியரையோ திணிப்பதில்லை என்று எல்லாச் சபைகளும் வாக்குறுதி கொடுத்தன. இங்கிலாந்தில் இதை எதிர்த்தவர்கள் அநேகர். கவிஞர் டி. எஸ். எலியட்டே 1943இல் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதினார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. அசரியா அதைக் காணவில்லை, 1945 புத்தாண்டு நாளில் இறந்துபோனார். பேராயரே இல்லாத ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியன் மரபிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின், 37 வயதில் மதுரை-இராமநாதபுரம் பேராயரானார். எல்லோரும் வந்து சேரவில்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் மனம் ஒப்பாமல் ஒதுங்கி நின்றார்கள், பல ஆண்டுகள் கழித்தே அந்தப் பிரிவில் பெரும்பகுதி ஆறியது. தமிழ் லுத்தரன் திருச்சபையும் தனியாகவே தொடர்கிறது. ஆனாலும் திணிப்பில்லை என்ற வாக்குறுதி இல்லாமல் அந்த நாள் வந்திருக்காது.

1970இல் நாக்பூரில் பிறந்த வட இந்தியத் திருச்சபை இன்னொரு படி மேலே போனது. அதில் பாப்டிஸ்ட்களும் இணைந்தார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானமா, விசுவாசம் அறிக்கையிட்ட பெரியவருக்கா என்பது ஐரோப்பாவில் இரத்தம் சிந்திய கேள்வி. வட இந்தியத் திருச்சபையில் இரண்டு முறையும் செல்லும். குழந்தைக்குக் கொடுக்க ஓர் ஆயரின் மனச்சாட்சி இடம் தராவிட்டால், அவர் வேறோர் ஆயரை அழைக்கலாம், பெற்றோரைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

தமிழ்ச் சபைகளில் இன்றைக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கும் சச்சரவு நகையைப் பற்றியது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஞானஸ்நானத்துக்கு முன் தாலி உட்பட எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள், வெள்ளை உடுத்துகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையிலும் கத்தோலிக்கத் திருச்சபையிலும் சிலுவை பொறித்த தாலி திருமணத்தின் அடையாளம். கழற்றியவரை உறவினர் கல்யாண வீட்டில் ஏளனம் செய்வதும், அணிந்தவரை உலகப்பிரகாரமானவர் என்று பிரசங்கத்தில் தாக்குவதும் ரோமர் 14 கண்டித்த அதே இரண்டு குற்றங்கள். இவை இரண்டையும் நிறுத்திவிட்டால் நகை உண்மையிலேயே சிறிய காரியம்தான். ஆனால் அதே சபைகளில் சில, மருந்து எடுப்பதும் விசுவாசக் குறைவு என்று போதிக்கின்றன. தன் மருந்தை ஒருவர் தானாக விடுவது அவருடைய மனச்சாட்சி. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்தை மறுப்பது அந்தக் குழந்தையின் மனச்சாட்சி அல்ல. அதைச் சிறிய காரியங்களின் பட்டியலில் சேர்க்க எந்தச் சபைக்கும் உரிமை கிடையாது.

நகையிலும் இதையே கேட்டாக வேண்டும். கணவன் மனம் திரும்பியதும் மனைவியின் கழுத்திலிருந்து தாலி இறங்குகிற வீடுகளில், அந்த முடிவு அவளுடையதா என்று ஆயர் அவளிடம் தனியாக ஒரு முறையாவது கேட்க வேண்டும். தானாகக் கழற்றியவளை, தம்பி கல்யாணத்துக்காவது போட்டுக்கொள் என்று நெருக்கும் தாய்வீட்டாரிடமும் அதைக் கேட்கலாம்.